‘ரைவல்’ என்றால் பங்காளி: கடினமான ஆங்கிலச் சொற்களை எந்த வழியில் படிப்பது?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா மகள் நம்பியூரிலிருந்து கோபிக்கு வந்திருந்தாள். மத்திய அரசு வேலைக்கான எஸ்எஸ்சி சிஜிஎல் தேர்வுக்குப் படிக்கிறாள். பையில் ஸ்பைரல் போட்ட ஒரு ஜெராக்ஸ் கட்டு. பயிற்சி வகுப்பில் கொடுத்தார்களாம். பிரித்துப் பார்த்தால் பக்கத்துக்குப் பக்கம் ஆங்கிலச் சொற்கள், தலைப்புவாரியாக: அடக்குமுறை, சண்டை சச்சரவு, மனிதர் குணம். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரே ஒரு தமிழ்ச் சொல்.

“ஏனுங் மாமா, இதையே உருப்போட்டுரட்டுங்களா? இல்ல போன்ல ஆப் ஏத்திக்கட்டுங்களா? கூடப் படிக்கிற புள்ள வேர்ச்சொல் படிச்சாப் போதும்ங்கறா.”

நான் இதே தேர்வை இரண்டு முறை எழுதித் தோற்றவன். அதனால் எது சரிவராது என்பதாவது எனக்குத் தெரிந்திருக்கும் என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை.

முதல் கட்டத் தேர்வில் 100 கேள்வி, 60 நிமிடம். ஆங்கிலத்துக்கு 25 கேள்வி. சரியான விடைக்கு 2 மதிப்பெண், தவறான விடைக்கு அரை மதிப்பெண் போய்விடும். சுத்தமாகத் தெரியாத சொல் வந்தால் தொடாமல் விட்டுவிடுவோம், நஷ்டமில்லை. அரைகுறையாகத் தெரிந்த சொல்தான் ஆளைக் கவிழ்க்கும். அதனால் எந்த வழி அதிகச் சொல் கற்றுத்தரும் என்பதைவிட, எந்த வழி குழப்பத்தைக் குறைக்கும் என்றுதான் நான் பார்ப்பேன்.

அவள் கொண்டுவந்த கட்டிலிருந்தே ஆரம்பித்தோம். அடக்குமுறைப் பக்கத்தில் ஒப்ரெஸ், சப்ரெஸ், ரிப்ரெஸ், சப்டியூ, சப்ஜுகேட், குவெல், கர்ப் என்று வரிசையாக ஏழு சொற்கள். எதிரே எல்லாவற்றுக்கும் ‘அடக்கு’ அல்லது ‘ஒடுக்கு’. இரண்டு நாளாகப் படித்திருக்கிறாள். சும்மா கேட்டுப் பார்த்தேன்.

“தும்மல் வருது. அடக்கறோம். எந்தச் சொல்லு?”

“ஒப்ரெஸ்ஸுங்களா?”

“ஜனங்களை ஒரு அரசாங்கம் நசுக்குது. அதுக்கு?”

“அப்ப அது சப்ரெஸ்ஸு.”

தலைகீழ். ஒப்ரெஸ் செய்வது மனிதர்களை. தும்மலையும் செய்தியையும் கிளர்ச்சியையும் சப்ரெஸ் செய்யலாம். உள்ளுக்குள் ஒரு நினைவையோ ஆசையையோ போட்டு அமுக்கினால் ரிப்ரெஸ். கலவரத்தைக் குவெல் செய்வார்கள், செலவையும் விலைவாசியையும் கர்ப் செய்வார்கள். திமிறுகிற ஆளை மடக்கிப் பிடித்தால் சப்டியூ.

அவளைக் குறை சொல்ல முடியாது. நம் ‘அடக்கு’ ஒரே சொல்லாக இருந்துகொண்டு எல்லா வேலையும் பார்க்கிறது. தும்மலை அடக்கலாம், காளையை அடக்கலாம், கலவரத்தை அடக்கலாம், கடைசியில் பிணத்தையும் அடக்கம் செய்யலாம். இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. ஒருவன் தன்னைத்தானே அடக்கிக்கொண்டால் அது குணம். அடக்கமுடைமை என்று திருக்குறளில் ஓர் அதிகாரமே இருக்கிறது. அவனை இன்னொருவன் அடக்கினால் அடக்குமுறை. இப்படிப்பட்ட சொல்லை ஏழு ஆங்கிலச் சொல்லுக்கு எதிரே எழுதிவைத்தால் ஏழும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் என்ன செய்யும்?

இது என் அனுமானம் மட்டுமில்லை. தாமஸ் டிங்கம் என்பவர் 1993-இல் வெளியிட்ட ஆய்வில், பொருளால் நெருங்கிய புதுச் சொற்களைச் சேர்த்துக் கற்றவர்கள், சம்பந்தமில்லாத சொற்களைக் கற்றவர்களைவிடச் சிரமப்பட்டார்கள். 1997-இல் அவரே இன்னொன்றும் பார்த்தார். ஒரே காட்சியைச் சேர்ந்த சொற்கள், அதாவது தவளை, குளம், தாவுவது, வழுக்குவது போல வகையில் வேறுபட்டவை, சேர்ந்து வந்தால் இடைஞ்சல் இல்லை, கற்பது எளிதாகிறது. ஆக, தலைப்புவாரிப் பட்டியல் பார்க்கத்தான் ஒழுங்கு. அண்ணன் தம்பி ஏழு பேருக்கும் ஒரே துணியில் சட்டை தைத்துப் போட்டு, ஒரே நாளில் அறிமுகப்படுத்தினால் யார் பெயரும் நிற்காது.

அகரவரிசைப் பட்டியலைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. நான் இரண்டு முறையும் அதைத்தான் படித்தேன். இரண்டு முறையும் ‘டி’ எழுத்தைத் தாண்டவில்லை. தேர்வில் ‘எஸ்’ எழுத்துச் சொற்களாகவே வந்ததாக ஒரு நினைப்பு. அது வயிற்றெரிச்சலாகவும் இருக்கலாம். கடைசி வாரத்தில் எது தெரியும், எது தெரியாது என்று டிக் அடித்துப் பார்க்க அந்தப் பட்டியல் உதவும். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது.

வேர்ச்சொல் வழி எனக்கு ரொம்பப் பிடித்தது. அதனாலேயே கொஞ்சம் சந்தேகத்தோடு பார்க்க வேண்டியது.

ரைவல் என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். எதிரி, போட்டியாளர் என்று அந்த ஜெராக்ஸ் கட்டில் போட்டிருந்தது. இது லத்தீனில் ஓடையைக் குறிக்கும் ரிவுஸ் என்ற சொல்லிலிருந்து வந்தது. ரிவாலிஸ் என்றால் ஒரே ஓடையில் தண்ணீர் எடுக்கிறவன். ரோமாபுரியைப் பற்றி ஒன்றும் தெரியாத, தடப்பள்ளி வாய்க்காலில் பாய்ச்சுகிற ஒருவரிடம் இதைச் சொன்னால் மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொள்வார். முறைத்தண்ணி விட்டிருக்கும்போது கடைமடைக்காரர் ராத்திரி ஒரு மணிக்கு டார்ச் லைட்டும் மண்வெட்டியுமாக வரப்பில் நடந்துபோவார். மேலே யாராவது மடையைத் திறந்துவிட்டிருக்கிறார்களா என்று பார்க்க. அப்படித் திறந்துவிடுகிற ஆள் எங்கோ வெளியூர்க்காரர் இல்லை. பெரும்பாலும் பக்கத்துக் காட்டுக்காரர், சமயத்தில் சொந்தக்காரர். தமிழில் இதே கணக்கில் ஒரு சொல் இருக்கிறது: பங்காளி. பங்கு உள்ளவன் என்றுதான் பொருள். ஆனால் பங்காளிச் சண்டை என்று சொன்னால் யாரும் விளக்கம் கேட்பதில்லை. ரைவல் என்றால் பங்காளி என்று சொன்னேன். அதற்குப் பிறகு அந்தச் சொல்லை அவள் மறக்கவே இல்லை.

அடுத்து சப்ஜுகேட். சப் என்றால் கீழே, ஜுகும் என்றால் நுகத்தடி. அடிமைப்படுத்துவது என்றால் நுகத்துக்குக் கீழே கொண்டுவருவது. பழைய இத்தாலியில் இது வெறும் உவமையாக இல்லை. தோற்ற படையை ஈட்டிகளால் கட்டிய ஒரு நுகத்துக்குக் கீழே குனிந்து போகச் செய்வார்கள். கி.மு. 321-இல் சாம்னைட்டுகள் என்ற இத்தாலிய இனத்தாரிடம் மாட்டிய ரோமானியப் படைக்கே அந்த அவமானம் நேர்ந்தது. காங்கேயம் காளையை முதன்முதலாக வண்டியில் பூட்டிப் பழக்குவதைப் பார்த்தவர்களுக்கு, கழுத்தில் நுகம் விழுந்தவுடன் அது ஒரு கணம் தலையைத் தாழ்த்தி நிற்பது கண்ணில் இருக்கும். அதே நுகத்திலிருந்துதான் கான்ஜுகல் என்ற சொல்லும் வந்தது. தாம்பத்தியம் சார்ந்தது என்று பொருள். ஒரே நுகத்தில் பூட்டிய ஜோடி. அடுக்களையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த அக்கா, “அது சரியாத்தான் வெச்சிருக்கறாங்க” என்றாள்.

ஆஸ்ட்ரசைஸ் என்ற சொல்லுக்குக் கொடுமணலையே துணைக்குக் கூப்பிடலாம். சென்னிமலைப் பக்கம் நொய்யல் கரையில் தோண்டியபோது தமிழி எழுத்தில் பெயர் கீறிய பானை ஓடுகள் கிடைத்தன அல்லவா? ஏதென்ஸ் நகரத்திலும் பானை ஓட்டில் பெயர் கீறினார்கள், ஆனால் வேறு காரியத்துக்கு. எவனை ஊரைவிட்டு அனுப்ப வேண்டுமோ அவன் பெயரைக் கீறிப் போடுவார்கள். பெயர் தேறிவிட்டால் பத்து வருடம் நாடு கடத்தல். அந்த ஓட்டுச்சில்லுக்கு ஆஸ்ட்ரகான் என்று பெயர். ஆஸ்ட்ரசைஸ் என்றால் தள்ளிவைப்பது, ஊர்விலக்குச் செய்வது.

இவ்வளவு சுவையாக இருக்கிறதே, வேரை மட்டும் படித்தால் போதாதா? போதாது. எக்ரீஜியஸ் என்ற சொல்லுக்கு வேர்ப்படி ‘மந்தையிலிருந்து தனித்து நிற்பது’ என்று பொருள். ஒருகாலத்தில் பாராட்டாகவே இருந்தது. இன்றைக்கு எக்ரீஜியஸ் தவறு என்றால் படுமோசமான தவறு. நம்முடைய நாற்றம் ஒருகாலத்தில் நறுமணமாக இருந்த கதைதான். பியூசிலானிமஸ் இன்னும் மோசமாக ஏமாற்றும். பியூசிலுஸ் என்றால் மிகச் சிறிய, அனிமுஸ் என்றால் மனம். தமிழ்க்காரன் மூளை உடனே சின்ன மனசு, அற்பப் புத்தி என்று போய்விடும். ஆனால் அதன் பொருள் கோழை. மேக்னானிமஸ் மட்டும் ஒழுங்காகப் பெருமனதாக, பெருந்தன்மையாக நிற்கிறது. வேர் கதவைத் திறந்துவிடும். உள்ளே யார் குடியிருக்கிறார் என்பதை நாமேதான் போய்ப் பார்க்க வேண்டும்.

அப்புறம், ஒரு சொல்லின் வேரைத் தேடப் போனால் அரைமணி நேரம் ஓடிவிடும். எனக்கு அது சந்தோஷம். தேர்வு எழுதுகிறவளுக்கு அப்படியில்லை.

இப்போது ஆப். ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகமாக மறக்கிறோம் என்று 1885-இல் எழுதினார். படித்த உடனே மளமளவென்று மறந்துபோகும், பிறகு மெதுவாக. மறக்கப்போகிற நேரத்தில் திரும்பப் பார்த்தால் அடுத்த தடவை இன்னும் கொஞ்ச நாள் தாங்கும். இதை வைத்து 1970-களில் செபாஸ்டியன் லைட்னர் ஓர் அட்டைப்பெட்டி முறையைப் பரப்பினார். அறைகள் உள்ள பெட்டி. சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்குப் போகும், தவறினால் எந்த அறையில் இருந்தாலும் முதல் அறைக்கே திரும்பும். முதல் அறையை நாள்தோறும், பின் அறைகளைத் தள்ளித் தள்ளிப் பார்க்க வேண்டும். 2006-இல் வந்த அங்கி என்ற மென்பொருள் இதே வேலையைத் தானே கணக்குப் போட்டுச் செய்கிறது. ஜப்பானிய மொழியில் அந்தப் பெயருக்கே மனப்பாடம் என்றுதான் பொருள். ஆண்ட்ராய்டிலும் கணினியிலும் இலவசம், ஐபோனில் காசு.

நல்ல சாமான்தான். ஆனால் அவள் போனை வாங்கிப் பார்த்தேன். அங்கியைத் திறந்த நாலாவது நிமிடம் இன்ஸ்டாகிராமிலிருந்து யாரோ கூப்பிடுகிறார்கள். காகித அட்டையே மேல் என்று முடிவு செய்தோம். எங்கள் வீட்டுப் பரணில் திருப்பூர் பனியன் பெட்டிகள் ஏழெட்டு எப்போதும் கிடக்கும். இரண்டைக் கிழித்துச் சீட்டுக்கட்டு அளவுக்கு அட்டைகள் வெட்டினோம். மூன்றாவது பெட்டியில் நாலு தடுப்பு வைத்து ஐந்து அறை. செலவு ஒரு ஸ்கெட்ச் பேனா.

அட்டையில் என்ன எழுதுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ‘ஒப்ரெஸ் = ஒடுக்கு’ என்று எழுதினால் அந்த ஜெராக்ஸ் கட்டையே துண்டு துண்டாக வெட்டிப் போட்ட மாதிரிதான். குணத்தைச் சொல்லும் சொற்களில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். ரெசல்யூட், ஸ்டபர்ன், அப்ஸ்டினேட் மூன்றும் பிடித்த பிடியை விடாத ஆளைத்தான் சொல்கின்றன. யார் யாரைப் பற்றிச் சொல்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம். அக்காவிடம் கேட்டேன். அவள் வீட்டுக்காரர் மூன்று வருடமாகத் தம்பி வீட்டு விசேஷத்துக்குப் போகவில்லை. “அவருக்கு ரோசம்” என்றாள். அந்தத் தம்பியும் இவர்கள் வீட்டுப் படி மிதிக்கவில்லையே என்றால், “அவனுக்கு வீம்பு.” அவ்வளவுதான். ரெசல்யூட்டை ரோசத்தோடு பாராட்டுப் பக்கத்திலும் மற்ற இரண்டையும் வீம்போடு திட்டுப் பக்கத்திலும் வைத்துவிட்டால் அகராதி தேவையில்லை. அதனால் குணச் சொல்லுக்கு அட்டையின் பின்பக்கம் பொருள் எழுத வேண்டாம், தெரிந்த ஒருத்தர் பெயரை எழுது, பக்கத்தில் பாராட்டா திட்டா என்று ஒரு குறி போடு என்றேன்.

இதில் ஓர் ஆபத்து இருக்கிறது. அன்று சாயங்காலமே பார்சிமோனியஸ் என்ற அட்டை திண்ணையில் கிடந்து எங்கள் அண்ணன் கையில் சிக்கிவிட்டது. பின்பக்கம் ‘பெரிய மாமா’ என்று கொட்டை எழுத்தில் இருந்தது. “இதென்ன அம்மிணி, என்ற பேரு போட்டிருக்குது?” அவள் ஒரு நொடி விழித்துவிட்டு, “சிக்கனமானவருன்னு அர்த்தமுங் மாமா” என்றாள். அவருக்குப் பரம சந்தோஷம். உண்மையில் சிக்கனத்துக்கு ஃப்ருகல். பார்சிமோனியஸ் அதற்கு இரண்டு படி கீழே, கஞ்சத்தனத்துக்குப் பக்கத்து வீடு. அந்த ஒரு பொய்யிலேயே இரண்டு சொல்லும் அவளுக்கு நின்றுவிட்டது.

ஒடுக்குமுறைச் சொற்களுக்கு ஆள் பெயர் சரிவராது. அதற்கு ஒரு நிகழ்ச்சி வேண்டும். டிங்கம் சொன்ன காட்சி வழி இங்கேதான் கைகொடுக்கிறது.

வ.உ.சி.யை எடுத்துக்கொண்டோம். 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி. ஆங்கிலேயர் கப்பலில் ஏறாதே என்ற பிரசாரம்: பாய்காட். 1908-இல் கைது, ராஜத்துரோக வழக்கு: செடிஷன். இரட்டை ஆயுள் தண்டனை: டிரகோனியன் என்று சொல்லத்தக்க கடுமை. மேல்முறையீட்டில் குறைத்தார்கள்: கம்யூட். கோயம்புத்தூர்ச் சிறையில் அடைப்பு: இன்கார்சரேட். அங்கே மாடு இழுக்க வேண்டிய செக்கை அவரை இழுக்க வைத்தார்கள்: டீகிரேட். ஒப்ரெஸ் என்ற சொல்லுக்குள் இருக்கிற ‘பிரெஸ்’ அழுத்துவது, பிழிவது. செக்கைவிட நல்ல படம் கிடைக்காது. மனிதர் அசரவில்லை: அண்டாண்டட். 1912 கடைசியில் விடுதலை. ஏழெட்டுச் சொல், ஒன்றுக்கொன்று குழம்பவே குழம்பாது. ஒன்று செயல், ஒன்று குற்றச்சாட்டு, ஒன்று தண்டனை, ஒன்று குணம்.

பாய்காட் என்பதே ஓர் ஆள் பெயர் என்பதையும் சொன்னேன். சார்லஸ் பாய்காட் அயர்லாந்தில் ஒரு பெரிய நிலக்கிழாரின் காரியஸ்தர். 1880-இல் குத்தகை விவகாரத்தில் குடியானவர்கள் அவரைக் கழற்றிவிட்டார்கள். அறுவடைக்கு ஆள் வரவில்லை, கடையில் சாமான் கொடுக்கவில்லை. தூத்துக்குடிக்காரர்கள் அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டபோது அதற்கு வயது 26. இதையும் ஊர்விலக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் செய்கிற காரியம் ஒன்றுதான்: பேசாதே, விற்காதே, வேலைக்குப் போகாதே. மேலே இருப்பவர்கள் கீழே இருப்பவர்களுக்குச் செய்தால் அது ஒடுக்குமுறை. கீழேயிருந்து மேலே செய்தால் போராட்டம்.

செய்தித்தாள் படித்துச் சொல் சேர்ப்பதையும் இந்தக் கணக்கில்தான் சேர்க்கிறேன். தினமும் தலையங்கம் படி என்று எல்லோரும் சொல்வார்கள். நல்லதுதான், ஆனால் பலன் மெதுவாகத்தான் தெரியும். ஒரே விவகாரத்தைப் பத்து நாள் விடாமல் தொடர்ந்து படித்தால் அதே இருபது சொற்கள் திரும்பத் திரும்ப வரும், அது பிடிக்கும். நம் பக்கத்து விவகாரமாக இருந்தால் இன்னும் நல்லது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-லேயே வந்துவிட்டது. பள்ளிபாளையம், குமாரபாளையம் தறிப்பட்டறைகளில் முதலாளியிடம் வாங்குகிற முன்பணத்துக்குப் ‘பாக்கி’ என்று பெயர். காதுக்கு மளிகைக்கடைக் கணக்கு மாதிரி சாதுவாக இருக்கும். அது தீரும்வரை வேறு தறிக்குப் போக முடியாது. அதே மாதிரி சுமங்கலித் திட்டம். கல்யாணமாகாத பெண்கள் மூன்று வருடம் மில்லில் தங்கி வேலை செய்தால் கடைசியில் மொத்தமாக ஒரு தொகை என்பது ஏற்பாடு. உழைப்புச் சுரண்டல் என்று பல வருடமாகக் குற்றச்சாட்டுக்கு ஆளானது. செத்தார் என்பதை இயற்கை எய்தினார் என்று சொல்வதற்கு நம் இலக்கணத்தில் மங்கலம் என்று பெயர், ஆங்கிலத்தில் யூஃபமிசம். யூஃபமிசம் என்ற அட்டையின் பின்பக்கம் ‘சுமங்கலித் திட்டம்’ என்று அவளே எழுதினாள். நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

கடைசியில் அவளுக்கு வகுத்துக்கொடுத்தது இதுதான். அட்டைப்பெட்டிதான் முதுகெலும்பு, நாளுக்கு எட்டுப் புதுச் சொல், அதற்கு மேல் வேண்டாம். ஒரே பொருளுள்ள இரண்டு சொல் ஒரே வாரத்தில் நுழையக் கூடாது. ஒப்ரெஸ் மூன்றாவது அறைக்குப் போன பிறகுதான் சப்ரெஸ்ஸுக்கு அட்டை. குணச் சொல்லுக்கு ஆள், ஒடுக்குமுறைச் சொல்லுக்கு நிகழ்ச்சி. வேர்ச்சொல் ஞாயிற்றுக்கிழமை மட்டும், அதுவும் என்னோடு பேச்சுவாக்கில். இரண்டே வாரத்தில் தேர்வு இருந்தால் நானே வேறு மாதிரிச் சொல்லியிருப்பேன். அப்போது பழைய வினாத்தாள்களில் திரும்பத் திரும்ப வந்த சொற்களை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றதை விட்டுவிட வேண்டியதுதான். இவளுக்கு நாலு மாதம் இருக்கிறது. ஜெராக்ஸ் கட்டைத் தூக்கிப் போடட்டுமா என்று கேட்டாள். வேண்டாம், எந்தச் சொல்லுக்கு அட்டை போடுவது என்று தேர்ந்தெடுக்க அது வேண்டும் என்றேன்.

முந்தாநாள் ராத்திரி போன் வந்தது. ரைவல் ஐந்தாம் அறைக்குப் போய்விட்டதாம். சப்ஜுகேட்டும் போய்விட்டது. “ரிப்ரெஸ் மட்டும் மூணு தடவையா மொத ரூமுக்கே திரும்பி வருதுங் மாமா.”

“போச்சாது. இன்னொரு அட்டை போடு. பின்பக்கம் என்ன எழுதியிருக்கறே?”

“உள்ளுக்குள்ள அமுக்கறதுன்னு.”

“ஆள் பேரு?”

கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம், “எழுதலாமுங், ஆனா அந்த அட்டையை அம்மா கண்ணுல படாம வெக்கோணும்” என்றாள்.